கூச்ச அலை

கொம்புத்தீவில் இறங்கிய பயணிகளை வரவேற்க ஒரு நாய் மட்டுமே வந்திருந்தது. வரவேற்றது என்றும் சொல்லிவிட முடியாது. இறங்குதுறைப் பாலத்தின் நட்டநடுவில் அது படுத்திருந்தது. கழுத்துப்பட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகவே சட்டப்படி எல்லோரும் பத்தடி தள்ளி நின்று, நாயைப் பார்க்காத பாவனையில் வானத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் ‘ஆழிமகள்’ கப்பல் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தைப் போல மிதந்துகொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவழியாக நாய் எழுந்து, சோம்பல் முறித்து, விளக்கு பச்சையாகி வழிவிட்டபோது, பாதிப் பேருக்கு ஊர் பார்க்கும் ஆசையே போய்விட்டது.

“எடுத்த எடுப்புலயே செகண்ட்ஸு,” என்றாள் சுகன்யா.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்றவள் அவள். இயந்திரக் கண்கள் தவறவிடும் ஊசிமுனை ஓட்டையைக்கூட, துணியை விளக்குப் பெட்டிக்கு முன்னால் விரித்துப் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவாள். கழித்துக் கட்டிய துணிக்குச் செகண்ட்ஸ் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு கையில் துணி இல்லாததால் ஓட்டல் தோசை, பக்கத்து வீட்டுக் கோலம், கப்பல் பயணம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தரம் பிரிக்கக் கொம்புத்தீவு நிறையவே கொடுத்தது. விளம்பரத்தில் ‘பவழச் சந்தை’ என்று போட்டிருந்தார்கள். அது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ‘கொம்புத்தீவுக்கு வந்தேன்’ என்று எழுதிய பனியன்கள் தொங்கின. சுகன்யா ஒன்றின் கழுத்துப் பட்டியைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். அவள் ஊரில் கழித்துக் கட்டிய மால்தான். ‘கடலுணவுத் திருவிழா’ நடக்கும் என்றார்கள். மீனுக்குக் கூச்ச அலை உண்டா என்ற வழக்கு இன்னும் முடியாததால், கடைக்காரர் வம்பெதற்கு என்று சாம்பார் சாதம் மட்டும் வைத்திருந்தார்.

கூச்ச அலைதான் எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஓர் உயிர் உணர்ந்து, அது பிடிக்காமல் போகும்போது, அதன் மூளையில் ஒரு நுண்ணிய மின்துடிப்பு எழுகிறது. பயத்தின் துடிப்பு வேறு, பசியின் துடிப்பு வேறு. இது தனி ரகம். அதை அளக்க இசைவுமானி வந்தது. முதலில் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளை வைத்து அளந்தார்கள். ஆய்வாளர்கள் தங்களைப் பார்ப்பது குரங்குகளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு ஒவ்வொரு விலங்காக அளக்க அளக்க, மனிதர்களுக்குக் கொஞ்சம் தர்மசங்கடமாகிவிட்டது. விலங்குக் காட்சிச்சாலைகள் மூடப்பட்டன. கோயில் யானைகள் காட்டுக்குப் போயின. பார்வைச் சட்டம் வந்தது. எந்த உயிரையும் அதன் இசைவில்லாமல் உற்றுப் பார்க்கக் கூடாது.

மனிதர் மட்டும் இதில் சேர்த்தியில்லை. ‘மனுஷனுக்கு வாய் இருக்கு, பிடிக்கலைன்னா சொல்லிக்கட்டும்’ என்று சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேச, எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஆகவே ஒவ்வோர் இசைவுமானிக்குள்ளும் மனித வடிகட்டி என்று ஒரு சில்லைப் பொருத்திவிட்டார்கள். மனிதக் கூச்சம் அதன் காதில் விழாது.

இந்தச் சட்டத்தைச் சுகன்யா மனதார ஆதரித்தவள். வீட்டுப் பூனையை இசைவு கேட்காமல் அவள் தொட்டதே இல்லை.

கொட்டகைக்கு வெளியே அவள் மகள் இளவெயினி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள், ஒருநாள் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று கேட்டால் “சும்மா” என்பாள். அதன்பிறகு மாதக்கணக்காக வீட்டில் அவள் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. அப்படிப்பட்டவள், போன மாதம் கப்பல் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, “ஆவுளியா பாக்கலாம் போல,” என்று சொன்னாள். கடற்பசுவுக்கு இந்தக் கடற்கரையில் அதுதான் பெயர். இத்தனை நாளில் மகள் ஆசைப்பட்டுச் சொன்ன ஒரே வார்த்தை அது. சுகன்யா அன்று மாலையே இரண்டு இடம் பதிவு செய்துவிட்டாள். ஊர் எப்படி இருந்தாலென்ன, சந்தை எப்படிப் போனாலென்ன, இவள் கண்ணில் ஒரு ஆவுளியா பட்டுவிட வேண்டும். அந்த முகத்தில் பழைய சிரிப்பு ஒருமுறை வந்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

“கண்ணு, வெயிலு சுள்ளுங்குது. துப்பட்டாவெத் தலையில போட்டுக்கோ. சாம்பார் சாதம் ஒரு வாய் சாப்பிடறயா? கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது பாரு.”

“வேண்டாம்மா,” என்றாள் இளவெயினி, திரும்பாமலே.

பிற்பகலில் ஆவுளியா பார்க்கும் மின்படகு புறப்பட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். படகை ஓட்டியவள் ஜெசிந்தா என்ற தீவுப் பெண். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியில் விரித்த குடை போல இசைவுமானி. மஞ்சள் மிதவைகள் வரிசையாக மிதக்கும் இடத்தை அவள் கைகாட்டினாள்.

“அந்த மெதவையத் தாண்டுனா கடற்புல்லுக் காடு. ஆவுளியா அங்கதான் மேயும். அதுக்குள்ள போயிட்டா மோட்டார் என் சொல்லக் கேக்காது, மானி சொல்லத்தான் கேக்கும். யாராவது ஒரு சீவன் கூச்சப்பட்டா வெளக்கு செவப்பாகும், மோட்டார் நின்னுரும். அதுக்குக் கூச்சம் தெளிஞ்சு பச்சையானாத்தான் மறுபடி ஓடும். சரியா?”

“கூச்சப்படாத ஆவுளியாவாப் பாத்துக் கூட்டிட்டுப் போம்மா,” என்றார் ரத்தினசபாபதி. தொலைநோக்கியும் தொப்பியுமாகத் திருச்சியிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆடிட்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

இளவெயினி படகின் முன்முனையில் போய் உட்கார்ந்தாள். சுகன்யா அவளுக்கு நேர் எதிரே, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

மிதவையைத் தாண்டினார்கள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. அடியில் பச்சைப் புல் ஒருபக்கமாகச் சாய்ந்து அசைந்தது. “அதோ!” என்று ஜெசிந்தா கைகாட்டினாள். வெகுதூரத்தில் ஒரு சாம்பல் நிற மூக்கு நீருக்கு மேல் வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டது. படகு அந்தப் பக்கம் திரும்பியதும் விளக்கு சிவப்பானது. மோட்டார் நின்றுவிட்டது.

காத்திருந்தார்கள். பச்சை வந்தது. கொஞ்ச தூரம் போனார்கள். சிவப்பு. மறுபடி காத்திருந்தார்கள். பச்சை. சிவப்பு. இப்படியே விட்டு விட்டுப் போனதில் ஆவுளியா இருந்த இடத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. இவர்கள்தான் அதன் அருகே போய்ச் சேரவில்லை. கப்பல் மாலையில் கிளம்பிவிடும்.

“எருமை மூஞ்சி மாதிரி ஏதோ தெரிஞ்சுதுன்னு வேணா சொல்லிக்கலாம்,” என்று ரத்தினசபாபதி தொலைநோக்கியைக் கீழே வைத்தார். “அது எருமையாவே இருந்தாலும் எனக்குத் தெரியாது.”

“அக்கா, என்னத்த செய்ய?” என்று ஜெசிந்தா பொதுவாகச் சொன்னாள். குரலில் அவளுக்கே அலுப்பு. “கொஞ்ச நாளாவே இப்படித்தான். தனியா வர்ற ஆராய்ச்சிக்காரகளக் கூட்டிட்டு வந்தா பக்கத்துலயே போயிரலாம். குடும்பமா வந்தவுகளக் கூட்டிட்டு வந்தாத்தான் இதுக கூச்சப்படுதுக. குடும்பத்தக் கண்டா ஏன் ஆகலன்னு தெரியல.”

சுகன்யா மகளைப் பார்த்தாள். இளவெயினியின் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரியவில்லை. இப்படித்தான் முடியும் என்று முன்பே தெரிந்த மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு ஆசை. அதையும் ஒரு ஓட்டை இயந்திரம் கெடுப்பதா?

“அம்மிணி, அந்த மெசினுல கோளாறுங்க,” என்றாள் எழுந்து நின்று. “கையில புடிச்சுப் பாக்கற மாதிரி சின்னது ஒண்ணு வெச்சிருப்பீங்களே, குடுங்க.”

“இருக்கு, ஆனா பயணிகளுக்குக் குடுக்கக் கூடாதுக்கா.”

“முப்பது வருசம் குறை கண்டுபுடிச்சே பொழச்சவ நானு. குடுங்க.”

ஜெசிந்தா இருக்கைக்கு அடியிலிருந்து டார்ச் போல ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கத்து உயிரை மட்டும் அது அளக்கும். சுகன்யா முதலில் ஆவுளியாவை நோக்கி நீட்டினாள். நல்ல பச்சை. அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன மூக்கு எழும்பியது, குட்டி. அதுவும் பச்சை. கம்பத்தில் வந்து உட்கார்ந்த கடற்பறவையைப் பார்த்து நீட்டினாள். பச்சை.

“பாத்தீங்ளா? அதுகளுக்கு ஒண்ணுமில்லீங்க. நிம்மதியாப் புல்லு மேயுது.”

“அப்ப செவப்பு எங்க இருந்து வருது?” என்று ஜெசிந்தா விழித்தாள்.

குறை எங்கே என்று தெரியாதபோது, சந்தேகம் இல்லாத இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவதுதான் சுகன்யாவின் வழக்கம். அவள் படகுக்குள் திரும்பினாள். ரத்தினசபாபதியைப் பார்த்து நீட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

ஜெசிந்தா பதறினாள். “மனுசருக்கு அது எரியவே கூடாதே!”

அப்படியானால் மனித வடிகட்டி போய்விட்டது. கையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்ததில் வடிகட்டிச் சில்லு உப்புப் பூத்துக் கருத்திருந்தது. மேலே குடைக்குள் இருப்பதும் அதே உப்புக் காற்றில்தான் இத்தனை நாளும் நிற்கிறது. படகில் எல்லோருக்கும் குஷி வந்துவிட்டது. என்னைப் பார், உன்னைப் பார் என்று நெருக்கினார்கள். ரத்தினசபாபதி தன் மனைவியைப் பார்த்தார். சுகன்யா அந்த அம்மாள் பக்கம் நீட்டினாள். பச்சை வந்தது.

“அப்பாடா,” என்றார் அவர்.

“நான் உங்களை எங்கே கவனிச்சேன்? கடலைப் பார்த்துட்டிருந்தேன்,” என்றாள் அந்த அம்மாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

மிச்சம் இருந்தது முன்முனை மட்டும்.

“கண்ணு, சித்தெ இப்படித் திரும்பு. சும்மா ஒரு டெஸ்ட்டு.”

இளவெயினி திரும்பினாள். சுகன்யா அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை, காய்ந்த உதடு, காலையிலிருந்து சாப்பிடாத வாட்டம், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தாள். கையில் விளக்கு சிவந்தது. மேலே குடையின் விளக்கும் சிவந்தது.

பேட்டரி சூடாகியிருக்கும் என்று நினைத்து, கருவியை ஜெசிந்தாவிடம் கொடுத்து மகளை நோக்கி நீட்டச் சொன்னாள். தான் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். பச்சை. மகளைப் பார்க்கும்படி ரத்தினசபாபதியிடம் சொன்னாள். அப்போதும் பச்சை. தான் நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு.

மூன்று முறை பார்க்காமல் எதையும் கழிக்கக் கூடாது என்பது அவள் பிரிவில் விதி. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பாள். மூன்றாம் முறை அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன கலருங்க, அம்மிணி?”

“பச்சக்கா.”

கண்ணைத் திறந்தாள். ஜெசிந்தாவின் கையில் விளக்கு சிவந்திருந்தது. இளவெயினி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், தான் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் மாதிரி. சற்றுமுன் சிரித்தவர்கள் எல்லாம் அவரவர் பையில் எதையோ தேடத் தொடங்கினார்கள்.

பெற்று வளர்த்த மகள். அவளுக்குச் சுரம் வந்தால் விடிய விடிய அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சுகன்யா. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று வாய்வரை வந்தது. மேலே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆவுளியாவும் குட்டியும் மெதுவாக வேறு புல்லுக்கு நகரத் தொடங்கியிருந்தன.

ஆனால் சுகன்யா படகின் பின்முனைக்குப் போனாள். கப்பல் இருந்த திசையைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“இப்ப ஓட்டுங்க, அம்மிணி.”

மோட்டார் உறுமியது. இம்முறை படகு நிற்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தா வேகத்தைக் குறைத்தாள். பின்னால் சலசலப்பு எழுந்தது. பக்கத்திலேயே புஸ்ஸென்று மூச்சு, அடுத்து ஒரு சின்ன மூச்சு. “அம்மாடி, என்ன பெருசு!” என்றது ரத்தினசபாபதியின் குரல். “குட்டி அது முதுகு மேல ஏறுது பாருங்க!” அப்புறம் ஒரு சிரிப்பு. அது இளவெயினியின் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சிரிப்பாளே, மூக்கால் தொடங்கி நடுவில் உடையும், அதே சிரிப்பு.

அதைப் பார்க்கத்தான் சுகன்யா இத்தனை தூரம் கப்பலேறி வந்தாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. எதிரே கப்பல் கலங்கலாகத் தெரிந்தது.

திரும்பும் வழியில், மிதவைகளுக்கு இன்னும் தூரம் இருக்கும்போது, பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மகள்தான் என்று பார்க்காமலே தெரிந்தது. சுகன்யா கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பாத்தியா கண்ணு?”

“பாத்தேன்மா. குட்டி எங்களெயெல்லாம் ஒருக்கா பாத்துட்டு, பிடிக்கலையாட்ட இருக்குது, மறுபடியும் புல்லுத் திங்கப் போயிருச்சு.”

பிறகு இளவெயினி, கேட்காமலே, சொல்லத் தொடங்கினாள். “வேலையில இருந்து அவங்கதான்மா என்னெ எடுத்துட்டாங்க. ஒரு தப்பு பண்ணிட்டேன். அது எல்லாருக்கும் நடக்கறதுதான், வேற வேலை தேடிக்கலாம்னுதான் ஊருக்கு வந்தேன். வந்த அன்னைக்கு நீங்க கதவத் தொறந்து, என்னெ மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தீங்க. துணிய வெளக்குப் பொட்டிக்கு முன்னால புடிச்சுப் பாப்பீங்களே, அது மாதிரி. அப்பத்தான் எனக்கே தோணுச்சு, எங்கியோ ஓட்டை இருக்குதாட்ட இருக்குதுன்னு. அப்புறம் நீங்க பாக்கறப்ப எல்லாம் அதேதான் தோணுது.”

சுகன்யா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “ஓட்டை இருந்தா தெச்சுக் குடுக்கலாம்னுதான் சாமி பாத்தேன். கழிச்சுக் கட்டறதுக்கா பாப்பேன் உன்னெ?”

“தெரியும்மா.”

அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அழுகையை அடக்கியதில் சுகன்யாவின் முகம் கோணியது. இளவெயினி திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அம்மாவை நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

மோட்டார் நின்றது.

“இப்ப யாருக்கு?” என்றார் ரத்தினசபாபதி. எல்லோரும் அண்ணாந்து சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள். பிறகு பின்முனையில் முகத்தை முந்தானையால் மூட முடியாமல் மூடிக்கொண்டிருந்த சுகன்யாவைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க விளக்கு இன்னும் அழுத்தமாகச் சிவந்தது. மிதவை அருகில்தான் இருந்தது, ஆனால் அதைத் தாண்டாமல் மோட்டார் அசையாது. தூரத்தில் கப்பல் நீளமாகச் சங்கு ஊதியது.

நிலைமை முதலில் புரிந்தது ஜெசிந்தாவுக்குத்தான். “எல்லாரும் தயவுசெஞ்சு கடலப் பாருங்க,” என்றாள் மெதுவாக. “அக்காவ யாரும் பாக்காதீக.”

விலங்குகளைப் பார்ப்பதற்காக வந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரத்தினசபாபதி தொலைநோக்கியைக் கழற்றிப் பைக்குள் வைத்து, தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் மனைவி அவர் தோளில் முகம் வைத்துக்கொண்டாள். விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. கடைசியாக இளவெயினி திரும்பினாள். அவள் எழுந்து போகவில்லை. அம்மாவின் பக்கத்திலேயே, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்தாள்.

யாரும் பார்க்காத அந்த இடத்தில் சுகன்யா வாய்விட்டு அழுதாள். பச்சை வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது.

“அம்மா, இப்ப உங்க பக்கம் திரும்பலாமுங்களா?” என்று இளவெயினி கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

இப்படி ஒரு வார்த்தை தன் வீட்டுப் பூனையைத் தவிர வேறு யாரையும் தான் கேட்டதில்லை என்பது சுகன்யாவுக்கு உறைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் சித்தெ நேரம் ஆகட்டும் கண்ணு,” என்றாள்.

“செரிம்மா,” என்று சொல்லிவிட்டு இளவெயினி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.